வானவழியில் பனிக்கட்டி



பனிக்கட்டி என்றவுடன் நமக்குக் கோடைக்காலமே நினைவிற்கு வருகின்றது. சித்திரை மாதத்து நடுப்பகலில், எலுமிச்சைச் சாற்றில் மிதக்கும் ஒரு பனிக்கட்டித் துண்டைக் கண்டு மகிழாதவர் நம்மில் இலர். தரையில் நமக்கு இத்துணை இன்பம் தரும் இப்பொருள், வானத்தில் பறப்பவருக்குக் கொடிய பகையாக மாறிவிடுகின்றது. பறந்துகொண்டிருக்கும் விமானத்தின்மீது பனிக்கட்டி படிவது எவ்வாறு? அதனால் விளையும் தீங்கு யாது? சிறு விமானம் ஓட்டும் ஒருவர் அதனின்று தப்புவது எங்ஙனம்? இவற்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது கனடா நாட்டில், பேரேரிகளுக்கு அருகில் உள்ள ஊர் ஒன்றில் பொறியாளராகப் பணிபுரிகிறார். ஓய்வு நாள்களில் சிறு விமானம் ஓட்டப் பழகி, அதற்குரிய உரிமமும், மேகத்தினூடே கருவிகளை மட்டும் நோக்கிப் பறப்பதற்கான தகுதியும் பெற்றிருக்கிறார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது என்னைக் காண வந்தார். பேச்சின் இடையே, "ஐயா, தாங்கள் கற்பித்த பாடம் ஒன்றை மேகத்திற்குள் சென்ற பிறகுதான் திருத்திக்கொண்டேன்" என்று சிரித்தார்.

"எந்தப் பாடம், தம்பி?" என்று கேட்டேன்.

"நீர் 0 டிகிரியில் உறையும் என்று கரும்பலகையில் எழுதினீர்கள். பூச்சியத்திற்குக் கீழே 8 டிகிரிக் குளிரில், உறையாத நீருக்குள் நான் பறந்திருக்கிறேன்" என்றார்.

எனக்கு முதலில் வியப்பும், பின்னர்ச் சிறிது நாணமும் உண்டாயின. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பு வகுப்பாக நான் எழுதிய வாக்கியம் அது. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. குறைபடச் சொன்ன உண்மையால் வகுப்பறையில் யாருக்கும் தீங்கில்லை. வானத்தில் அதுவே ஓர் உயிரைக் கவர்ந்துவிடக்கூடும். ஆகவே அப்பாடத்தை இன்று திருத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இயல்பான காற்றழுத்தத்தில் பனிக்கட்டி 0 டிகிரி சென்டிகிரேடில் உருகும் என்பது மாறாத விதி. ஆனால் அதே வெப்பநிலையில் நீர் உறைந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வெப்பமானியால் புகழ்பெற்ற ஃபாரன்ஹீட் என்னும் அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைக் கண்டறிந்தார். தூய நீரை அசைவின்றிக் குளிர்வித்தால், உறைநிலைக்குக் கீழே சென்ற பின்னரும் அது நீராகவே இருத்தல் கூடும்.

இஃது எவ்வாறு நேர்கின்றது? கற்கண்டு செய்வதைக் கண்டவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சருக்கரைப் பாகைக் காய்ச்சி, அதனுள் நூல்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பாகு ஆறும்போது நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். பாகிற்குக் கற்கண்டாகும் நிலை வந்துவிட்டது. ஆயினும் பற்றிக்கொள்வதற்கு ஒரு பிடிப்பு வேண்டும். நீரின் நிலையும் அதுவே. பனிக்கட்டி வளரத் தொடங்குவதற்குத் தக்கதொரு தூசித் துகளோ, முன்னமே உறைந்த ஒரு துணுக்கோ கருவாக அமைதல் வேண்டும். மேகத்திலுள்ள நீர்த்திவலைகள் தலைமயிரின் பருமனைவிடச் சிறியவை. இத்தகைய கரு வாய்க்காத திவலைகள் பூச்சியத்திற்குக் கீழே 10 டிகிரியிலும் 15 டிகிரியிலும் நீராகவே மிதந்துகொண்டிருக்கும். கரு ஒன்றும் இல்லையேல், ஏறத்தாழ 40 டிகிரி கீழே சென்ற பின்னரே அவை தாமாக உறையும். இந்நீரை நாம் 'மிகைக் குளிர்நீர்' என்று அழைப்போம்.

நம் நாட்டு மேகங்களிலும் மிகைக் குளிர்நீர் உண்டு. ஆனால் வெப்ப மண்டலத்தில் உறைநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றது. சிறு விமானங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேயே பறப்பதால் அதனைச் சந்திப்பதில்லை. கனடாவிலும் வட அமெரிக்காவின் வட பகுதிகளிலும் ஐரோப்பாவிலும் நிலை வேறு. அங்கே குளிர்காலத்தில் உறைநிலை தரைமட்டத்திற்கே இறங்கிவிடும். தாழ்ந்து தவழும் சாம்பல் நிற மேகமெல்லாம் மிகைக் குளிர்நீர் நிறைந்ததாக இருக்கலாம்.

இத்தகைய மேகத்தினுள் ஒரு விமானம் நுழைகின்றது என்று கொள்வோம். பற்றிக்கொள்ள இடம் தேடிக் காத்திருக்கும் திவலைகளுக்கு இறக்கையின் முன்விளிம்பு வந்து வாய்க்கின்றது. மோதியவுடன் அவை உறையத் தொடங்குகின்றன. இங்கே உங்கள் பௌதிகப் பாடத்தைச் சற்று நினைவுகூருங்கள். 1 கிராம் நீர் உறையும்போது 80 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். 1 கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 1 கலோரி போதும். ஆகவே, பூச்சியத்திற்குக் கீழே 8 டிகிரியில் உள்ள 1 கிராம் நீர், 0 டிகிரிக்கு வருவதற்கு 8 கலோரியே வேண்டும். அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உறைந்ததுமே, வெளிப்படும் வெப்பம் எஞ்சிய நீரை 0 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். மீதியுள்ள ஒன்பது பங்கும், விரைந்து செல்லும் காற்று அவ்வெப்பத்தைக் கவர்ந்துசெல்லச் செல்ல, சிறிது சிறிதாகவே உறையும்.

இந்தக் கணக்கிலிருந்தே பனிக்கட்டியின் இருவகைகள் பிறக்கின்றன. குளிர் மிகுந்து, திவலைகள் சிறியனவாகவும் இருந்தால், ஒவ்வொன்றும் மோதிய இடத்திலேயே விரைவில் உறைந்துவிடும். இடையிடையே காற்று சிறைப்படுவதால் அது வெண்மையாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். இது வெண்பனிக்கட்டி. குளிர் பூச்சியத்திற்குச் சற்றே கீழே இருந்து, திவலைகளும் பெரியனவாக இருந்தால், உறையாத நீர் இறக்கையின்மேல் பின்னோக்கி வழிந்தபடியே உறையும். அது கண்ணாடி போலத் தெளிவாகவும் கடினமாகவும் இருக்கும். எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. இது தெளிபனிக்கட்டி. இரண்டனுள் பின்னதே பெரும்பாலும் கொடியது. இரண்டும் கலந்து அமைவதும் உண்டு.

விமானத்தின் எடை கூடுவதே பனிக்கட்டியால் விளையும் பெருந்தீங்கு என்று பலர் எண்ணுவர். எடை கூடுவது மெய்யே. ஆயினும் அதனினும் பெரிய கேடு, வடிவம் மாறுவதாகும். விமானத்தைத் தாங்குவது இறக்கை என்னும் வெறும் பலகையன்று, அதன் வடிவம். வளைந்த மேற்பரப்பை ஒட்டிக் காற்று வழுவழுவென்று செல்லும்வரைதான் இறக்கைக்குத் தூக்குவிசை உண்டு. முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளின் சொரசொரப்பு அளவிற்குப் பனிக்கட்டி படிந்தாலே, தூக்குவிசை 30 விழுக்காடு வரை குறையவும், தடைவிசை 40 விழுக்காடு வரை மிகவும் கூடும் என்று அமெரிக்க விமானத்துறையின் கையேடுகள் எச்சரிக்கின்றன. உப்புத்தாளின் கனம் எவ்வளவு? எடையென்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஆயினும் தீங்கு அத்துணை.

தூக்குவிசை குறைந்தால் விமானி என்ன செய்வார்? உயரத்தைக் காக்க விமானத்தின் மூக்கைச் சிறிது மேலே உயர்த்துவார். அப்போது தடை மேலும் கூடும், வேகம் குறையும். இறக்கையின் கீழ்ப்புறமும் எதிர்க்காற்றிற்கு முகம் காட்டுவதால் அங்கும் பனிக்கட்டி படியும். மறுபடியும் மூக்கை உயர்த்த நேரிடும். இறுதியில் காற்று இறக்கையை ஒட்டிச் செல்ல இயலாமல் பிரிந்துவிடும். தூக்குவிசை திடீரெனச் சரியும். இந்நிலையை விமானிகள் 'ஸ்டால்' என்பர். தூய இறக்கை எந்த வேகத்தில் இந்நிலையை அடையும் என்பதை ஒவ்வொரு விமானியும் அறிவார். அது நெருங்கும்போது எச்சரிக்கை ஒலியும் எழும். பனிக்கட்டி படிந்த இறக்கையோ அதைவிட மிகுந்த வேகத்திலேயே பிடியிழந்துவிடும். எச்சரிக்கை ஒலி எழாமலும் போகலாம்.

வேறொரு நுட்பமும் இங்கு அறியத்தக்கது. பருத்த பொருள் தன்னை நோக்கி வரும் காற்றை முன்கூட்டியே விலகச் செய்கின்றது. திவலைகளுள் பல காற்றுடன் சேர்ந்து விலகிவிடுகின்றன. மெல்லிய பொருளின்முன் காற்று கடைசி நொடியில்தான் விலகும். திவலைகளோ விலக நேரமின்றி நேரே மோதும். ஆதலால் மெல்லிய பொருள்களிலேயே பனிக்கட்டி முதலில் படிகின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெப்பமானியின் முனையும், வானொலிக் கம்பியும் விமானிக்கு முதல் செய்தி சொல்பவை. வால் இறக்கை, பெரிய இறக்கையைவிட மெல்லியது. ஆகவே அதில் பனிக்கட்டி விரைந்து படியும். விமானி தம் இருக்கையிலிருந்து காண இயலாத இடமும் அதுவே. பெரிய இறக்கையில் சிறிது பனிக்கட்டியைக் கண்டால், வாலில் அதனினும் மிகுதியாக இருக்கின்றது என்றே அவர் கொள்ளவேண்டும்.

இவையன்றி, சுழல்விசிறியில் படியும் பனிக்கட்டி இழுக்கும் ஆற்றலைக் குறைக்கும். ஓர் அலகிலிருந்து மட்டும் உடைந்து விழுந்தால் எஞ்சின் அதிரும். முன்கண்ணாடி மறைந்துபோகும். வேகத்தை அளக்கக் காற்றை உள்வாங்கும் பீட்டோ குழாய் அடைபட்டால், வேகமானி பொய் சொல்லத் தொடங்கும்.

இதுவரை மேகத்தில் விளையும் பனிக்கட்டியைக் கண்டோம். இனி, மேகமே இல்லாத வெளியிலும், நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும்கூட விளையக்கூடிய வேறொரு பனிக்கட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது விமானத்தின் உள்ளே, எஞ்சினின் தொண்டையில் விளைவது.

மண்பானையில் நீர் ஏன் குளிர்ந்திருக்கின்றது என்பதைச் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். பானையின் துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றது. பழைய முறை எஞ்சின்களில் உள்ள கார்புரேட்டர் என்னும் கருவியிலும் இதுவே நிகழ்கின்றது. அங்கே ஒடுங்கிய குழாய் வழியே காற்று விரைந்து செல்லும்போது அதன் அழுத்தம் குறைந்து, குளிர்ச்சி உண்டாகும். அதே இடத்தில் பெட்ரோல் ஆவியாவதால் குளிர்ச்சி பன்மடங்காகும். இரண்டும் சேர்ந்து காற்றின் வெப்பநிலையை 30 டிகிரிக்கு மேலும் குறைத்துவிடக்கூடும். வெளியே இதமான வெப்பம் இருக்க, உள்ளே உறைநிலை ஏற்படுகின்றது. காற்றிலுள்ள ஈரம் குழாயின் சுவரிலும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டிலும் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

வெளியே 21 டிகிரிக்குக் குறைந்த வெப்பமும் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஈரப்பதமும் உள்ளபோது இவ்வபாயம் மிகுதி. ஆயினும் 38 டிகிரி வெப்பத்திலும், 50 விழுக்காடு ஈரப்பதத்திலும்கூட இது நேரக்கூடும் என்பது நூல்களின் எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றை எண்ணிப் பாருங்கள். 'நம் ஊரில் பனிக்கட்டி ஏது?' என்று கார்புரேட்டர் பொருத்திய விமானத்தை ஓட்டுபவர் இறுமாந்திருத்தல் இயலாது.

இதற்கு மருந்து எளியது. எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குள் செலுத்தும் ஒரு கைப்பிடி விமானியின் முன்னே இருக்கும். சுழற்சி குறைந்தாலோ, எஞ்சின் இருமினாலோ, அதனை முழுவதும் இழுத்துவிடவேண்டும். ஆனால் இங்கே ஒரு சோதனை உண்டு. உருகிய நீர் எஞ்சினுக்குள் செல்வதால், முதலில் சிறிது நேரம் இருமல் குறையாமல் கூடும். பழகாதவர் அஞ்சி, மருந்தே நோயாயிற்று என்று கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார். அது பெரும் பிழை. பொறுத்திருந்தால் எஞ்சின் தானே தெளியும். பெட்ரோலை நேரே உட்செலுத்தும் முறை வந்தபின் இத்தொல்லை பெரிதும் நீங்கியது. செஸ்னா 172 என்னும் புகழ்பெற்ற சிறு விமானம் 1996ஆம் ஆண்டு முதல் அம்முறையிலேயே செய்யப்படுகின்றது. எனினும் பழைய வகை எஞ்சின்கள் இன்றும் ஏராளமாகப் பறந்துகொண்டிருக்கின்றன.

இவ்விருவகைப் பனிக்கட்டியையும் ஒரே மாதத்தில் சந்தித்த ஒருவரின் வரலாற்றை இங்குச் சொல்வது பொருந்தும். அவர் சார்லஸ் லிண்ட்பெர்க். 1927ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 25ஆம் வயதில், நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக, இடையில் நில்லாமல் பறந்த முதல் மனிதர். அப்பயணத்திற்குச் சில நாள்களுக்கு முன், மே 10ஆம் நாள், புதிய விமானத்தைச் சான் டியகோ நகரிலிருந்து கிழக்கு நோக்கி ஓட்டி வந்தார். இரவில், அரிசோனாவின் மலைகளுக்கு மேலே எஞ்சின் இருமத் தொடங்கியது. இறங்க இடமில்லாத இருளில் வட்டமிட்டு, ஒருவாறு சமாளித்து மலைகளைக் கடந்தார். கார்புரேட்டரில் படிந்த பனிக்கட்டியே காரணமாக இருக்கவேண்டும் என்று பின்னர்க் கருதப்பட்டது. நியூயார்க் சேர்ந்ததும், உட்செல்லும் காற்றைச் சூடாக்கும் சாதனம் அவ்விமானத்தில் பொருத்தப்பட்டது. ஒரு குறையைக் கண்டார். கடல் தாண்டும் முன் அதனைத் திருத்திக்கொண்டார்.

மே 20ஆம் நாள் காலை அவர் புறப்பட்டார். அன்றிரவு அட்லாண்டிக் பெருங்கடலின்மேல், ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில், மலை போன்ற மேகங்கள் எதிர்ப்பட்டன. அவற்றுள் ஒன்றனுள் நுழைந்தார். குளிர் மிகுந்ததை உணர்ந்து கையை வெளியே நீட்டினார். ஊசிகள் குத்துவதுபோல் இருந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, இறக்கையைத் தாங்கும் சட்டத்தில் பனிக்கட்டி மின்னியது. பனிக்கட்டியை நீக்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. வானொலிக் கருவி இல்லை, பாராசூட்டும் இல்லை. அவரிடம் இருந்தது ஒன்றே: தாம் வந்த வழியில் தெளிந்த வானம் இருக்கின்றது என்னும் அறிவு. பாரிசை நோக்கிச் சென்றுகொண்டிருந்த விமானத்தை, மெல்ல மெல்ல, நேர் எதிர்த்திசையில் திருப்பினார். மேகத்தைவிட்டு வெளிவந்து விண்மீன்களைக் கண்ட பிறகு, மேகங்களைச் சுற்றிக்கொண்டு தம் வழியே சென்றார். முப்பத்துமூன்றரை மணி நேரப் பறப்பின் முடிவில் பாரிசில் இறங்கினார். அன்றிரவு சில நிமிடங்கள் அவர் பாரிசுக்கு எதிர்த்திசையில் பறந்ததனாலேயே பாரிசை அடைந்தார் என்று சொன்னால் அது மிகையன்று.

அதன் பின்னர் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறையைப் பொருத்தி, காற்றால் அதனை ஊதச் செய்து பனிக்கட்டியை உடைத்தெறியும் முறை உருவாயிற்று. எஞ்சினின் வெப்பத்தை இறக்கைக்குள் செலுத்தும் முறையை ஆராய்ந்த லூயிஸ் ரோடர்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளருக்கு, 1946ஆம் ஆண்டிற்குரிய காலியர் விருது வழங்கப்பட்டது. உறையாத நீர்மத்தை இறக்கையின் நுண்துளைகள் வழியே கசியச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் இவையெல்லாம் எடையும் விலையும் மிக்கவை. பெரும்பாலான சிறு விமானங்களில் பீட்டோ குழாய்ச் சூடும் கார்புரேட்டர்ச் சூடும் தவிர வேறு காப்பு இல்லை. போதிய சாதனமும் அதற்குரிய சான்றும் இல்லாத விமானத்தைப் பனிக்கட்டி படியும் எனத் தெரிந்த வானத்திற்குள் செலுத்தலாகாது என்பதே விதி.

சாதனம் இருந்தாலும் இறுமாப்பு ஆகாது. 1994ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சிகாகோவில் இறங்கக் காத்து வட்டமிட்டுக்கொண்டிருந்த பயணிகள் விமானம் ஒன்று, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் என்னும் ஊருக்கு அருகில் வீழ்ந்தது. அதில் இருந்த 68 பேரும் மாண்டனர். அவ்விமானத்தில் ரப்பர் உறைகள் இருந்தன. ஆனால் அன்று வானில் இருந்தவை வழக்கத்தினும் பெரிய மிகைக் குளிர்நீர்த் துளிகள். அவை உறைகளுக்கு அப்பால் வழிந்து உறைந்து, இறக்கையின் கட்டுப்பாட்டையே குலைத்துவிட்டன. கருவி எல்லையுள்ளது, இயற்கை அவ்வெல்லையை மதிப்பதில்லை.

எனவே சிறு விமானி கைக்கொள்ளவேண்டிய முறை யாது? அது தரையிலேயே தொடங்குகின்றது. இரவில் இறக்கையின்மேல் படிந்த மெல்லிய உறைபனியையும் முற்றும் துடைத்த பின்னரே புறப்படவேண்டும். உறைநிலை எந்த உயரத்தில் உள்ளது, மேகத்தின் அடியும் உச்சியும் எங்கே, தம் பாதையில் மலைகளின் உயரம் என்ன என்பவற்றை வானிலை அறிக்கையிலும் நிலப்படத்திலும் தேடி அறியவேண்டும். பனிக்கட்டி எதிர்ப்பட்டால் எங்கே செல்வேன் என்னும் வினாவிற்கு விடை கிடைத்த பின்னரே சக்கரம் தரையைவிட்டு எழவேண்டும். விடை இல்லையேல் அன்று பயணம் இல்லை.

வானில் பனிக்கட்டியைக் கண்டால் உடனே வெளியேறவேண்டும். வழிகள் மூன்று. முதலாவது, வந்த வழியே திரும்புதல். இரண்டாவது, கீழே வெப்பமான காற்று உண்டென்று தெரிந்தால் இறங்குதல். பொதுவாக 1,000 அடி இறங்கினால் ஏறத்தாழ 2 டிகிரி வெப்பம் கூடும். ஆயினும் கீழே மலைகள் இருப்பின் இவ்வழி அடைபட்டது. மூன்றாவது, மேகத்தின் உச்சி அருகில் இருந்து, எஞ்சினுக்கும் வலிமை இருந்தால், ஏறி வெளிவருதல். இதில் ஒரு விலக்கு உண்டு. மேலே வெப்பமான காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் இருந்தால், மேலிருந்து விழும் மழை கீழே வந்து மிகைக் குளிர்நீராகி, விமானத்தின்மேல் பட்டவுடன் உறையும். இவ்வுறைமழையில் சிறிது இறங்குவதால் பயன் இல்லை. குளிரும் மழையும் உடன் வரும். உடனே திரும்புதலே நன்று.

இவற்றைச் செய்யும்போது தானியங்கி ஓட்டும் கருவியை நிறுத்திவிட்டுக் கையாலேயே ஓட்டவேண்டும். இல்லையேல், விமானத்தில் நேரும் மாறுதல்களை அது மறைத்துவிடும். திருப்பம் மென்மையாக இருக்கவேண்டும். தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரிடம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பனிக்கட்டியுடன் இறங்க நேர்ந்தால், வழக்கத்தினும் மிகுந்த வேகத்தில், நீண்ட ஓடுபாதை நோக்கி வரவேண்டும். இறக்கையின் பின்மடல்களைத் தாழ்த்தினால் வாலின் பிடி தளரக்கூடும் ஆதலால், அவற்றைக் கூடியவரை தவிர்க்கவேண்டும்.

இவ்வளவும் நூலில் உள்ளவை. கடைப்பிடிப்பதுதான் அரிது. என் மாணவரின் அனுபவம் இதனைக் காட்டும். நவம்பர் மாதத்து நாளொன்றில், மேகங்களுக்கு மேலே நல்ல வெயிலில் அவர் பறந்துகொண்டிருந்தார். செல்லும் திசையில் மேகத்தின் உச்சி சிறிது சிறிதாக உயர்ந்து அவர் முன்னே சுவர்போல் நின்றது. 'சிறு மேகந்தானே, இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம்' என்று நுழைந்தார். இரண்டு நிமிடம் ஐந்தாயிற்று. இறக்கையைத் தாங்கும் சட்டத்தில் விரல் பருமனுக்கு வெண்மை படர்ந்தது. எஞ்சினின் ஓசையில் மாறுதல் இல்லை. ஆனால் வேகமானியின் முள் மட்டும் பின்வாங்கிக்கொண்டே இருந்தது.

"அப்போது என்ன நினைத்தாய்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, மறைக்காமல் சொல்கிறேன். விபத்தைப் பற்றி நினைக்கவில்லை. அந்த ஊரில் எனக்காக நண்பர்கள் காத்திருந்தார்கள். திரும்பிச் சென்றால் அவர்களிடம் என்ன சொல்வது என்றுதான் நினைத்தேன். இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது" என்றார்.

நண்பர்களே, பனிக்கட்டியைவிட அஞ்சத்தக்கது அந்த 'இன்னும் ஐந்து நிமிடம்' என்னும் குரல்தான். நல்லவேளையாக அவர் அக்குரலைக் கேட்கவில்லை. கட்டுப்பாட்டாளருக்குச் செய்தி சொல்லிவிட்டு, மெல்லத் திரும்பி, தாம் அறிந்த வெயிலுக்கே வந்து சேர்ந்தார். பிறகு வெப்பமான காற்றிற்கு இறங்கியபோது, சட்டத்திலிருந்த பனிக்கட்டி துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்ததாம். புறப்பட்ட விமான நிலையத்திலேயே இறங்கி, நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்து, 'இன்று வர இயலாது' என்றார். "அந்த மூன்று சொற்களைச் சொல்வதற்கு அவ்வளவு தயங்கினேனே என்று இன்றும் வியக்கிறேன், ஐயா" என்றார்.

முன்னேறுவதே வீரம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதுவும் என் கரும்பலகை வாக்கியத்தைப் போன்றதே. பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. திரும்பவேண்டிய இடத்தில், திரும்பும் வலிமை இன்னும் கையில் இருக்கும்போதே திரும்புவதற்கும் துணிவு வேண்டும், அறிவும் வேண்டும்.

மறுபடியும் வகுப்பறையில் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால், அந்தப் பழைய வாக்கியத்தை இவ்வாறு திருத்தி எழுதுவேன்: 'பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும், நீர் 0 டிகிரிக்குக் கீழும் உறையாமல் காத்திருக்கக்கூடும்.' ஒரு வரி நீளந்தான். அதனை எழுதக் கரும்பலகையில் எப்போதும் இடம் இருந்தது.